பென்னாகரம் ரோடு மாடி மெஸ்: சாப்பாடு சுமார், நோட்டு பிரமாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சாம்பாருக்காக இந்த மெஸ்ஸில் சேராதீர்கள். திங்கட்கிழமை சாம்பாரில் பருப்பைத் தேடணும். மார்கழிக் காலையில் ஏழரைக்கு மேல் போனால் இட்லி விறைத்துக் கிடக்கும். நாக்குக்கு ருசி வேண்டுமென்றால் தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எத்தனையோ ஓட்டல் இருக்கிறது. ஊரை விட்டு வந்து, ரூம் எடுத்துத் தங்கி, மூன்று வேளையும் வெளிச்சாப்பாடுதான் என்று ஆகிவிட்ட மாணவ மாணவிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் அரூர் பக்கம். இங்கே டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) இரண்டாம் வருடம்.

பென்னாகரம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் மாவு மில்லுக்கு மேல் மாடி. பெயர்ப்பலகை கிடையாது. நடத்துவது ஓர் அக்காவும் அவருடைய மாமியாரும். மூன்று வேளைக்கும் சேர்த்து மாதம் 3,300 ரூபாய். ஞாயிறு மதியம் கோழி உண்டு, அதற்குத் தனிக் காசு. ஞாயிறு ராத்திரி லீவு.

படி ஏறி முடிக்கிற இடத்தில் ஆணியில் ஒரு நீள நோட்டு தொங்கும், நூலில் கட்டிய பென்சிலோடு. நாளைக்கு எந்தெந்த வேளை சாப்பிடப் போகிறோம் என்று ராத்திரி 8 மணிக்குள் அவரவர் பெயருக்கு நேரே அவரவரே டிக் போட வேண்டும். டிக் போட்டுவிட்டு வராமல் போனால் காசு போச்சு. டிக் போடாமல் வந்து நின்றால் மிச்சம் இருந்தால்தான் சோறு. ஊருக்குப் போகிறேன் என்று முன்னாடியே எழுதி வைத்தால் வேளைக்கு 35 ரூபாய் கழியும். மாதக் கடைசியில் கூட்டிக் கழிப்பதும் நாமேதான், அக்கா ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவு. பசங்க ஆரம்பத்தில் முணுமுணுப்பார்கள். அம்மா தட்டில் போட்டுக் கொடுத்தே பழகியவர்களுக்கு நாளைய பசியை இன்றே யோசிப்பது கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த நோட்டு சோறு மிஞ்சாமல் இருக்க மட்டும் இல்லை. யார் சாப்பிடாமல் திரிகிறார்கள் என்று காட்டிக் கொடுப்பதும் அதுதான். என் ரூம் தோழி ஒருத்தி செமஸ்டர் நேரத்தில் காலைச் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். அக்கா அந்த வரிசையில் விரலை வைத்துக்கொண்டு எல்லார் முன்னாடியும் கேட்டார்: "ஏம் பாப்பா, இந்த வாரம் காலைக் கட்டம் பூரா காலியா கெடக்குது? டீயும் பன்னுமா?" அவள் கோபித்துக்கொண்டு இரண்டு வேளை வரவில்லை. அந்தக் கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அக்காவிடம் எனக்குள்ள குறை அதுதான், குரலை அடக்கவே தெரியாது.

டீயும் பன்னும் என்ன செய்யும் என்பது எங்கள் வகுப்புக்கு நன்றாகத் தெரியும். சாலி முறை பிராக்டிகலில் ஒருவருக்கொருவர் விரலில் குத்தித்தான் ஹீமோகுளோபின் பார்க்கப் பழகினோம். குழாயில் அமிலம், அதில் 0.02 மில்லி ரத்தம், பத்து நிமிடம் வைத்தால் பழுப்பாகும். பிறகு பக்கத்துக் கண்ணாடிப் பட்டையின் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். இரண்டு சொட்டு விட்டதுமே நிறம் வெளிறிவிட்டால் அங்கேயே நிறுத்தி அளவைப் படிக்க வேண்டியதுதான். பெண்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அன்றைக்குப் பல குழாய்கள் 12 வரைக்கும் ஏறவே இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது, அதனால் எங்களில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

இந்த மெஸ்ஸில் டீ கிடையாது. கேட்டால் அக்கா, "சாப்பிட்ட வாயோட டீ குடிச்சா கீரை தின்னது வேஸ்ட்" என்பார். டீயில் இருக்கும் டானின் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது என்று நாங்கள் பாடத்தில் படித்ததைத்தான் அவர் இப்படிச் சொல்கிறார். தினமும் மதியம் ஒரு கீரை, வாரம் மூன்று முட்டை, தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய் அல்லது நெல்லிக்காய். ஊறுகாயில் உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி.

புதன், சனி மதியம் ராகி களி. ருசி விஷயத்தில் நான் முழு மார்க் போடுவது இதற்கு மட்டும்தான், அதுவும் மாமியாருக்கு. உலையில் நொய் வெந்ததும் மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழி பறித்து மூடிவிடுவார். வெந்த பிறகு பாத்திரத்தைக் கவைக்கட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிண்டுவார் பாருங்கள், ஒரு கட்டி இருக்காது. ஈரக் கிண்ணத்தில் உருட்டிச் சுடச்சுட உருண்டையாக விழும். கீரைக் கடைசலில் தோய்த்து விழுங்கணும், மெல்லக் கூடாது. சேலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் மென்று மென்று பாதி உருண்டையிலேயே திணறினான். தை மாதத்தில் போனால் பிதுக்கம்பருப்புக் குழம்பு கிடைக்கும், அன்றைக்கு நோட்டில் டிக் இல்லாத பெயரே இருக்காது. ராகி சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அதன் பெருமை சுண்ணாம்புச் சத்து. 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. இரும்புக்குக் கம்பு இதைவிட மேல்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், தருமபுரியில் அதுதான் பெரிய விஷயம். இங்கே இரண்டு டிரம். நீல டிரம்மில் ஒகேனக்கல் தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும். கறுப்பு டிரம்மில் போர் தண்ணீர், தட்டுக் கழுவ மட்டும். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. காய்ச்சிவிட்டால் சரியாகிவிடும் என்று சில மெஸ்ஸில் சொல்கிறார்கள். காய்ச்சினால் கிருமிதான் சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் அடர்த்தியாகும். கிராமத்திலிருந்து வரும் எத்தனையோ பேரின் முன்பல்லில் இருக்கும் பழுப்புக் கறை, சின்ன வயதில் பல் உருவாகும்போதே அந்தத் தண்ணீரால் வந்தது, பேஸ்டை மாற்றினால் போகாது. ஜப்பான் கடனுதவியில் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது இதற்காகத்தான். குழாயில் தண்ணீர் வராத நாளில் அக்கா கேன் வாங்கி ஊற்றுவார், அதற்குத் தனியாகக் காசு கேட்டதில்லை. நான் முன்பு சாப்பிட்ட வேறொரு மெஸ்ஸில் போர் தண்ணீரை ஜக்கில் பிடித்து அப்படியே மேஜையில் வைப்பார்கள்.

சாப்பிட்ட தட்டை நாமே கழுவணும், பையன் பெண் என்ற பேதமே கிடையாது. பார்சல் வேண்டுமென்றால் டிபன் பாக்ஸ் கொண்டுபோகணும். கொதிக்கிற குழம்பைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்ற மாட்டார், கெஞ்சினாலும் மாட்டார். காய்ச்சல் என்று சொன்னால் கஞ்சி வைத்துக் கொடுப்பார், காசு கிடையாது. ஆனால் இரண்டாம் நாளும் காய்ச்சலோடு படி ஏறினால், "ஜிஎச்சுக்குப் போய்ச் சீட்டு வாங்கிட்டு வந்து காட்டு, அப்புறம் கஞ்சி" என்பார். மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு டெங்கு சீசனில் கிளாசுக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சலுக்கு வலி மாத்திரையை இஷ்டத்துக்குப் போடக் கூடாது, டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும். அந்த வகையில் அக்காவின் சட்டம் நியாயமானது.

இன்னும் சில குறைகள். படிக்கட்டில் லைட் இல்லை, ராத்திரி போன் வெளிச்சத்தில்தான் ஏறணும். மொத்தம் பன்னிரண்டு பேர்தான் உட்கார முடியும், மதியம் ஒன்றரைக்குப் போனால் நின்றுகொண்டே காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தக்காளி சாதத்தில் எண்ணெய் மிதக்கும், அன்றைக்கு நான் டிக் போடுவதே இல்லை.

ஜூனில் இடம் நிறைந்துவிடும், முன்னாடியே போய்ச் சொல்லி வையுங்கள். அட்வான்ஸ் 500. தட்டும் டம்ளரும் நம்முடையது. மதியம் 3 முதல் 5 வரை அக்கா தூங்குவார், அப்போது மட்டும் கதவைத் தட்டாதீர்கள்.