சீன இலக்கியத்துக்குள் நுழைய எந்தத் தொகுப்பு: ஓவனா, மேரா?

சீன இலக்கியத்தை ஆங்கிலத்தின் வழியாக முறையாகப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தபோது, இரண்டு பெருந்தொகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒன்று, விக்டர் மேர் பதிப்பித்து 1994-இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட மரபுச் சீன இலக்கியத் தொகுப்பு. மற்றது, ஸ்டீபன் ஓவன் உருவாக்கி 1996-இல் நார்ட்டன் வெளியிட்ட, தொடக்கம் முதல் 1911 வரையிலான தொகுப்பு. இரண்டுமே 1,200 பக்கங்களைத் தாண்டியவை. இரண்டுமே கவிதை, உரைநடை, நாடகம் மூன்றையும் தருபவை. மேசைமேல் வைத்துத்தான் இரண்டையும் படிக்க முடியும். நான் முதலில் ஓவனை வாங்கினேன். மேரின் தொகுப்பு பிறகு வந்து சேர்ந்தது. புதிதாகத் தொடங்குகிற ஒருவர் கேட்டால், இன்றும் ஓவனையே முதலில் சொல்வேன்.

காரணம் ஒன்றுதான், ஆனால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மேரின் தொகுப்பில் பல மொழிபெயர்ப்பாளர்களின் ஆக்கங்கள் இலக்கிய வகை வாரியாக அடுக்கப்பட்டுள்ளன. ஓவனின் தொகுப்பிலோ ஏறத்தாழ எல்லாமே அவர் ஒருவரின் மொழிபெயர்ப்பு. காலவரிசையில் செல்லும் அந்த நூல், ஒரு பழைய பாடலுக்குப் பக்கத்திலேயே அதை நினைவில் வைத்துப் பிற்காலத்தவர் எழுதியதையும் அவ்வப்போது கொண்டுவந்து வைக்கிறது. சீன இலக்கியத்தில் இது ஒரு வசதி மட்டும் அன்று. முன்னோர் சொல்லை எடுத்தாள்வதும், அதைப் படிப்பவர் அடையாளம் காண்பார் என்று நம்பி எழுதுவதும் அந்த மரபின் உயிர்மூச்சு. ஆளுக்கொரு மொழிபெயர்ப்பாளர் என்றால், மூலத்தில் ஒரே சொல்லாக இருப்பது ஆங்கிலத்தில் நான்கு சொற்களாகச் சிதறிவிடும், எதிரொலி நின்றுபோகும்.

எனக்கு இதை உணர்த்தியது யாங் குய்ஃபெயின் கதை. தாங் பேரரசர் ஷுவான்சோங்கின் காதலுக்குரியவளான அவள், படைத்தலைவன் ஆன் லூஷானின் கிளர்ச்சியால் தலைநகரை விட்டு அரசவை தப்பியோடிய வழியில், 756-இல் மாவெய் என்னும் இடத்தில், படைவீரர்களின் வற்புறுத்தலால் கொல்லப்பட்டாள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 806-இல், கவிஞர் பாய் ஜூயி அதை 120 அடிகள் கொண்ட நெடும்பாடலாக்கினார். அவருடைய நண்பர் சென் ஹோங் அதே கதையை உரைநடையில் எழுதினார். 1688-இல் ஹோங் ஷெங் அதை 50 காட்சிகள் கொண்ட நாடகமாக்கினார். பாடலின் தலைப்பும் நாடகத்தின் தலைப்பும் 'சாங்' என்ற ஒரே சீனச் சொல்லில் தொடங்குகின்றன: ஒன்று நீடிக்கும் துயரம், மற்றது நீடிக்கும் வாழ்வு. ஏழாம் மாதத்து ஏழாம் நாள் இரவில் காதலர் இருவரும் உறுதிமொழி செய்துகொண்ட மண்டபத்தின் பெயராக இரண்டாவது தொடர் பாய் ஜூயியின் பாடலுக்குள்ளேயே வருகிறது. நாடகாசிரியர் தம் தலைப்பை அங்கிருந்துதான் எடுத்தார். ஓவன் இரண்டு தலைப்புகளிலும் அந்தச் சொல்லுக்கு ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்திருப்பதால், நாடகப் பகுதிக்கு வந்து சேரும்போது, பல நூறு பக்கங்களுக்கு முன் படித்த பாடல் தானாகவே மனத்தில் எழுகிறது. வேறு நூல்களில் பாடலின் தலைப்பு ஒரு சொல்லாலும் நாடகத்தின் தலைப்பு 'என்றும் மாறாத இளமை' என்ற பொருள்பட இன்னொன்றாலும் வழங்குவதைப் பார்த்திருக்கிறேன். தனித்தனியே அவை நல்ல மொழிபெயர்ப்புகளாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள உறவு புதிய வாசகருக்குத் தெரியவே தெரியாது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரே கை எழுதியதால், தாங் காலப் பெருங்கவிஞர்களான லி பாயும் தூ ஃபூவும் சில இடங்களில் ஒரே குரலில் பேசுவதுபோல் எனக்குத் தோன்றியது. சீனம் அறியாத நான், அது மூலத்தின் தன்மையா மொழிபெயர்ப்பின் தன்மையா என்று தீர்ப்புச் சொல்லத் தகுந்தவன் அல்லன். குரல்களின் வேறுபாட்டைப் பெரிதாக மதிப்பவருக்கு மேரே பொருந்துவார். வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த பௌத்தக் கதைப்பாட்டு மரபில் மேர் பெரும்புலமை உடையவர்; வாய்மொழி மரபுக்கும் மக்கள் இலக்கியத்துக்கும் அவர் தரும் இடம் ஓவனிடம் இல்லை. ஓவன் 1911-உடன் நிறுத்திவிடுவதால் இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர் லூ சூனை வேறிடத்தில்தான் தேட வேண்டும். சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பான கவித்தொகையை மட்டும் சுவைத்துப் பார்க்க விரும்புகிறவர், பயணி சீனத்திலிருந்தே நேரடியாகத் தமிழாக்கிய 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' நூலிலிருந்து தொடங்கலாம்; சங்க அகப்பாடல்களோடு பழகியவருக்கு அந்த உலகம் அயலாகத் தோன்றாது.

நாடகத்துக்கென்று தனி நூல் தேடுவோருக்கு, ஸ்டீபன் வெஸ்ட்டும் வில்ட் இடெமாவும் 2015-இல் வெளியிட்ட, மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்து நாடகத் தொகுப்பைச் சொல்வேன். அதில் உள்ள 'ஜாவோவின் அநாதை' நாடகத்தின் யுவான் கால அச்சில் நான்கு அங்கங்களும் பாடல்களும் மட்டுமே உள்ளன. நாம் இன்று படிக்கும் வசனமும் பழிவாங்கல் நிறைவேறும் ஐந்தாம் அங்கமும் அடுத்து வந்த மிங் காலப் பதிப்பில் காணப்படுபவை. ஐரோப்பா அறிந்ததும், பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் 1755-இல் தம் நாடகத்துக்குக் கருவாக எடுத்ததும் இந்தப் பிற்காலக் கதைவடிவத்தைத்தான். இந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாக்கியது இந்த நூலே.

இலக்கியத்துக்குத் துணையாகப் படிக்கும் சீன வரலாற்று நூல்களில் என் தேர்வு எளிதாக முடிந்தது. வரலாற்றாசிரியர் ஜான் ஃபேர்பேங்கின் 1992-ஆம் ஆண்டு நூல் அரசியலுக்கும் அண்மை நூற்றாண்டுகளுக்கும் மிகுந்த இடம் தருகிறது. பட்ரீஷியா எப்ரி 1996-இல் எழுதிய படங்களுடன் கூடிய வரலாறோ குடும்பம், பெண்கள், சடங்கு ஆகியவற்றையும் கவனிக்கிறது. இலக்கியம் படிப்பவருக்கு இரண்டாவதுதான் உதவும்; ஒரு நாடகத்தில் மருமகள் ஏன் வாய்திறக்காமல் நிற்கிறாள் என்பதற்கு அரச வம்சங்களின் பட்டியல் விடை தராது.

சீனச் சமூகத்தைப் புரிந்துகொள்ள, சமூகவியலாளர் ஃபெய் சியாவ்தோங்கின் கட்டுரைகள் போதும். 1940-களில் எழுதப்பட்டு 1992-இல் ஆங்கிலத்தில் வந்த அந்தச் சிறு நூல், மேலை நாட்டுச் சமூகத்தைக் கட்டுக்கட்டாகக் கட்டி அடுக்கிய வைக்கோலுக்கும், சீனச் சமூகத்தை நீரில் எறிந்த கல்லைச் சுற்றி விரியும் வட்டங்களுக்கும் ஒப்பிடுகிறது. ஒவ்வொருவரும் தம் வட்டங்களின் நடுவில் நிற்கிறார். உறவு நெருங்க நெருங்கக் கடமை கூடுகிறது, விலக விலகக் குறைகிறது. ஓவனின் நாடகப் பகுதிகளுக்குப் போகும் முன் வட்டங்களைப் பற்றிய இந்த ஒரு கட்டுரையைப் படித்துவிடுவது நல்லது. நான் பின்னால்தான் படித்தேன்; அதனால் பல காட்சிகளை இரண்டாம் முறை படிக்க வேண்டியதாயிற்று.