முன்பணச் சீட்டா, அப்ரண்டிஸ் ஒப்பந்தமா?

ஓசூர் சிப்காட் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தாலும், கிருஷ்ணகிரியிலிருந்து செங்கல் சூளைக்குப் போனாலும் கையெழுத்துக் கேட்பார்கள். கம்பெனியில் கேட்பது அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) ஒப்பந்தத்தில்; சூளையில் கேட்பது, முன்பணம் வாங்கியதற்கான சீட்டில். சட்டத்தில் இரண்டும் வேறு.

அப்ரண்டிஸ் ஒப்பந்தம் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாக வேண்டும். 18 வயது ஆகாதவருக்காகப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திடுவார். தொழில், பயிற்சிக் காலம், உதவித்தொகை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை செய்யவேண்டும் என்று எழுதியிருந்தால்தான் கம்பெனி வேலை தரக் கட்டுப்பட்டது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

முன்பணச் சீட்டில் “கடன் தீரும்வரை வேறிடம் போகக்கூடாது” என்றிருந்தால், 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அது செல்லாது. அந்தக் கடனும் ரத்து. அதை வசூலித்தால் 3 ஆண்டு வரை சிறை. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். எழுதாத முத்திரைத்தாளில் மட்டும் கைநாட்டு வைக்காதீர்கள்.