பார் தேட எது நல்லது: எக்கோவா, சைடு ஸ்கேனா?

ஆழ்தூண்டில் போடும் ஃபைபர் வள்ளத்துக்குப் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, கிடைத்தால் போதும். கலவாயும் விளமீனும் அங்கேதான் கிடக்கும். சத்தம் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து அதைத் திரையில் காட்டும் கருவிதான் சோனார். அதில் இரண்டு வகை இருக்கின்றன: நேர் கீழே பார்க்கும் எக்கோ, இருபுறமும் விரித்துப் பார்க்கும் சைடு ஸ்கேன். விலை கூடியது என்பதாலேயே சைடு ஸ்கேனை உசத்தி என்று நினைத்துவிடுகிறோம்.

எக்கோவில் பெரும்பாலும் 200, 50 கிலோஹெர்ட்ஸ் என இரண்டு அதிர்வெண் இருக்கும். 200-இல் சத்தம் 12 டிகிரிக் கூம்பாக விரியும் என்றால், 30 மீட்டர் ஆழத்தில் ஆறு மீட்டர் அகலத் தரைதான் தெரியும். 50-இல் 45 டிகிரி என்றால் 25 மீட்டர். ஆகவே தேட 50, நங்கூரம் போடுமுன் 200. அகலக் கூம்பில் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் பாறைகூட வள்ளத்துக்கு அடியில் இருப்பதுபோலத்தான் தெரியும்.

எக்கோ திரையில் தரை ஒரு கோடாகத் தெரியும்; சேறு மங்கலாக விழும். பார் என்றால் கோடு தடித்து, இரண்டு மடங்கு ஆழத்தில் இன்னொரு கோடும் விழும். தரையில் பட்டு வந்த சத்தம் நீர்மட்டத்தில் மோதி, மறுபடி கீழே போய்த் திரும்புவதுதான் அது. 28 மீட்டர் தரையென்றால் ரேஞ்சை, அதாவது திரை காட்டும் ஆழத்தை, கையால் 60-க்கு வைக்க வேண்டும். ஆட்டோவிலேயே விட்டால் அந்த இரண்டாம் கோடு திரைக்கு வெளியே போய்விடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

சைடு ஸ்கேனில் படம் அழகு. பாறை வெளுப்பாகவும் அதன் பின்னால் நிழல் கறுப்பாகவும் விழும். கடலில் இறக்கிய சிமெண்ட் செயற்கைப் பார் என்றால் வளையத்தின் உருவமே தெரியும். ஆனால் 455, 800 கிலோஹெர்ட்ஸ் சத்தம் ஆழத்தில் சீக்கிரம் அடங்கிவிடும். வள்ளம் அலையில் உருண்டால் படமும் நெளியும். போதாததற்கு, அதன் சென்சார் வெளியே தொங்க வேண்டும். கரையில் இழுத்தேற்றும் வள்ளத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? எக்கோ சென்சாரையோ கெட்டி ஃபைபர் அடித்தட்டின் உள்பக்கமே, காற்றுக்குமிழி இல்லாமல் எபாக்ஸியில் ஒட்டிவிடலாம்.

பாக் விரிகுடா போல ஆழம் குறைந்த கடலென்றால் கணக்கு மாறும். எட்டு மீட்டரில் அந்த 12 டிகிரிக் கூம்பு இரண்டு மீட்டர்கூடத் தொடாது. அங்கே, தண்ணீரிலேயே கட்டிக்கிடக்கும் வள்ளத்துக்கு சைடு ஸ்கேன் சரி.

குமரிக் கரைக்கு என் ஓட்டு எக்கோவுக்கே, ஜிபிஎஸ்ஸோடு சேர்ந்தது என்றால். இல்லாவிட்டால் இன்று கண்ட பாரை நாளைக்குத் தேடவே மண்ணெண்ணெய் தீர்ந்துவிடும். மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கணியம் பார்க்கத் தெரிந்த பெரியவர் வள்ளத்தில் இருந்தால், அது வேறு கதை.