திறந்து பார்க்கும் இரைப்பை மாதிரி: வாங்கலாம், ஆனால் கீழ்வாயைக் கவனியுங்கள்

மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். செரிமானப் பாடத்தை போர்டில் படம் போட்டு நடத்தினால் இரைப்பை என்பது சோறு விழுகிற வெறும் பை என்றே எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள், அதனால் போன மாதம் பாண்டிக்குப் போனபோது லேப் சாமான் கடை ஒன்றில் 1,450 ரூபாய்க்கு இந்த பிளாஸ்டிக் மாதிரியை வாங்கிவந்தேன்.

நல்ல பொருள். இரண்டாகத் திறக்கலாம். வெளிப்பக்கத்தில் தசையை அடுக்கடுக்காக உரித்துக் காட்டியிருக்கிறார்கள்: நீளவாக்கில் ஒன்று, அடுத்து வளையமாக ஒன்று, அதற்கும் உள்ளே சாய்வாக ஒன்று. சிறுகுடலில் இரண்டு அடுக்குதான். இந்தச் சாய்வுத் தசையும் சேர்ந்திருப்பதால்தான் இரைப்பை உணவைத் தள்ளுவதோடு நிற்காமல் முறுக்கிப் பிசைகிறது, நிமிஷத்துக்குச் சுமார் மூன்று அலை. "பரோட்டா மாவு பிசையற மாதிரியா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். அதேதான். உள்ளே விரல் விட்டால் மடிப்புகள் வரிவரியாகத் தட்டுப்படும். காலியாக இருக்கும்போது 75 மில்லி அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிற பை, சாப்பிடச் சாப்பிடத் தசை தளர்ந்து, மடிப்பு விரிந்து, ஒரு லிட்டருக்கு மேல் வாங்கிக்கொள்வதை இப்போது சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை, தொட்டாலே தெரிகிறது.

குறை, கீழ்வாயில், அதாவது இரைப்பை சிறுகுடலோடு சேருகிற இடத்தில். சுண்டுவிரல் தாராளமாகப் போகிற மாதிரி திறந்தே வார்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் சாப்பாடு நேராகக் குடலுக்கு இறங்கிவிடும் என்று எழுதிவிட்டார்கள்! உண்மையில் அங்கே இருப்பது இறுக்கமான வளையத்தசை, கூழான உணவை அலைக்குச் சில மில்லியாகத்தான் முன்சிறுகுடலுக்கு விடும், கொழுப்பு அதிகமென்றால் இன்னும் மெதுவாக. மத்தியானம் பிரியாணி சாப்பிட்டால் சாயங்காலம் வரை வயிறு திம்மென்று இருக்கிறதே, அதற்கு இதுவும் காரணம். நான் களிமண்ணை வளையமாக உருட்டி அந்த வாயில் ஒட்டிவிட்டேன், இப்போது சரியாக இருக்கிறது.

அப்புறம், உள்சுவரில் சளிப்படலம் காட்டவே இல்லை. அவ்வளவு அமிலமும் பையையே ஏன் அரிப்பதில்லை என்று கேட்காத பிள்ளை கிடையாது. கொஞ்சம் வாஸ்லின் தடவி, இந்த வழவழப்பில் இருக்கும் பைகார்பனேட்தான் அமிலத்தை முறிக்கிறது என்று காட்டுகிறேன்.

வாங்குகிறவர்கள் கடையிலேயே ஸ்டாண்டில் மாட்டிப் பாருங்கள். என் பெட்டியில் ஒரு திருகாணி இல்லை, கேட்டதும் வேறு பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.