ஓப்பன்யுபி: முழுதாகப் பின்பற்ற வேண்டாம், ரிஸ்க் லிஸ்ட்டை மட்டும் விட வேண்டாம்

மென்பொருள் உருவாக்கும் வழிமுறைகளில் ஒன்றான ரேஷனல் யூனிஃபைட் பிராசஸ், அதாவது ஆர்யுபி என்றதும் சீனியர்களுக்கு முதலில் நினைவு வருவது டெம்ப்ளேட் குவியல். ஒன்பது டிசிப்ளின் (வேலைப் பிரிவுகள்), ஒவ்வொன்றுக்கும் ரோல்கள், ஒவ்வொரு ரோலுக்கும் ஆவணங்கள். 2003-ல் ரேஷனல் நிறுவனத்தை வாங்கி முடித்த ஐபிஎம், அதன் மெலிந்த வடிவம் ஒன்றை 2005-ல் எக்லிப்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்புக்குக் கொடுத்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓப்பன்யுபி. எக்லிப்ஸ் பொது உரிமத்தில் வருவதால் காசு கிடையாது. இறக்கினால் கிடைப்பது ஓடுகிற மென்பொருள் அல்ல, எச்டிஎம்எல் பக்கங்களின் கட்டு. யார் எந்த வேலையைச் செய்வது, எந்தக் கட்டத்தில் என்ன கைக்கு வர வேண்டும் என்ற விளக்கங்களும், நிரப்பத் தயாரான டெம்ப்ளேட்களும் உண்டு. பார்க்க அந்தக் காலத்து ஹெல்ப் ஃபைல் மாதிரிதான் இருக்கும்.

சின்ன டீமுக்காக எழுதியது இது. பெரிய டீம், சட்ட இணக்கம், ஒப்பந்தச் சிக்கல், உயிர் சம்பந்தப்பட்ட மென்பொருள் இவற்றுக்கெல்லாம் தன்னிடம் வழிகாட்டல் இல்லை என்று அதுவே சொல்லிவிடுகிறது. விற்பனைக்கு வரும் மெத்தடாலஜிகளில் இந்த நேர்மை அபூர்வம்.

இதில் எடுத்துக்கொள்ள வேண்டிய சரக்கு ரிஸ்க் லிஸ்ட், அதாவது ப்ராஜெக்ட்டில் எவை சொதப்பக்கூடும் என்ற பட்டியல். பல டீம்களில் அது கிக்-ஆஃப் மீட்டிங்கில் நிரப்பி, பிறகு ஆடிட்டுக்கு மட்டும் திறக்கிற எக்செல். இங்கே அதற்கு உண்மையான வேலை இருக்கிறது. ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் தாக்கத்தை 1 முதல் 5 வரை போட வேண்டும், நடக்கும் வாய்ப்பைச் சதவீதத்தில் போட வேண்டும், இரண்டையும் பெருக்க வேண்டும். பக்கத்தில் பொறுப்பாளர் பெயர், சமாளிக்கும் வழி. அடுத்த இட்டரேஷனுக்கு (சில வாரச் சுற்றுக்கு) திட்டம் போடும்போது, பெரிய எண் உள்ள ரிஸ்க்கை உடைக்கும் வேலை, செய்ய வேண்டியவற்றைக் குறிக்கும் வொர்க் ஐட்டம் லிஸ்ட்டில் மேலே ஏறும். 1986-ல் மென்பொருள் பொறியியலாளர் பேரி போயம் தன் சுருள் (ஸ்பைரல்) மாதிரியில் வைத்த யோசனையும் இதுவே: அடுத்த சுற்றில் என்ன செய்வது என்பதை ரிஸ்க் தீர்மானிக்கட்டும்.

பில்லிங் மென்பொருளில் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் சேர்க்கும் ப்ராஜெக்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பில்லை ஐஆர்பி என்ற பதிவு போர்ட்டலுக்கு அனுப்பி, ஐஆர்என் என்ற பதிவு எண்ணை வாங்க வேண்டும். லிஸ்ட்டில் ‘போர்ட்டல் இணைப்புப் பிரச்சினை’ என்று எழுதினால் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ‘ஐஆர்பி பதில் வருமுன் டைம்-அவுட் ஆனால், பில் பதிவானதா என்று தெரியாமல் சரக்கு லாரி கேட்டிலேயே நிற்கும்’ என்று காரணத்தையும் விளைவையும் சேர்த்து எழுத வேண்டும். வாய்ப்பு 60%, தாக்கம் 4, பெருக்கினால் 2.4. இதை உடைக்க ஒரு டெவலப்பருக்கு மூன்று நாள் போதும். சாண்ட்பாக்ஸில் (போர்ட்டலின் சோதனைத் தளத்தில்) ஓர் இன்வாய்ஸை அனுப்பி, பதில் வருமுன் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, அதையே மறுபடி அனுப்பிப் பார்க்க வேண்டும். முதல் முறையே பதிவாகியிருந்தால் 2150 எரர் வரும்: டூப்ளிகேட் ஐஆர்என். விற்பவரின் ஜிஎஸ்டிஐஎன், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் இவற்றிலிருந்து உருவாகும் ஹாஷ்தான் ஐஆர்என் என்பதால், எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்தான். எனவே 2150-ஐத் தோல்வியாகக் காட்டி பில்லை நிறுத்தக் கூடாது. ஆவண விவரத்தைக் கொடுத்து, ஏற்கெனவே பதிவான ஐஆர்என்னைக் கேட்டு வாங்க வேண்டும். இது முதல் மாதத்திலேயே தெரிந்தால் டிசைனில் ‘நிலுவை’ என்று ஒரு ஸ்டேட் கூடும், அவ்வளவுதான். யுஏடி (கிளையண்ட் சோதித்துப் பார்க்கும்) சமயத்தில் தெரிந்தால் பில், ஸ்டாக், பிரின்ட் மூன்றையும் பிரித்து மேய வேண்டும். வேலை முடிந்ததும் வாய்ப்பை 10% ஆக்குங்கள். எண் 0.4-க்கு இறங்கும், அடுத்த ரிஸ்க் மேலே வரும்.

இந்த எண்கள் துல்லியமானவை அல்ல. 50-ஆ 60-ஆ என்று அரைமணி நேரம் வாதாடுவது வீண், வரிசை சரியாக வந்தால் போதும். ஆனால் பொறுப்பாளர் இடத்தில் ‘டீம்’ என்று எழுதியிருந்தால் அந்த ரிஸ்க் அநாதை.

ஆர்யுபியிலிருந்து வந்த நான்கு கட்டங்கள் இதிலும் உண்டு: இன்செப்ஷன் (என்ன, எதற்கு என்று முடிவு செய்வது), எலாபரேஷன் (ஆர்கிடெக்சரை ஓட்டிப் பார்த்து உறுதி செய்வது), கன்ஸ்ட்ரக்ஷன் (மிச்சத்தைக் கட்டுவது), டிரான்சிஷன் (பயனர் கையில் சேர்ப்பது). நடுத்தர ப்ராஜெக்ட்டுக்கு ஆர்யுபி கொடுத்த உத்தேசக் கணக்கில் எலாபரேஷனுக்குக் காலத்தில் 30%, உழைப்பில் 20%. கன்ஸ்ட்ரக்ஷனுக்குக் காலத்தில் 50%, உழைப்பில் 65%. ஆறு மாத வேலை என்றால் எலாபரேஷன் ஏழெட்டு வாரம். காலத்தை விட உழைப்பு குறைவாக இருப்பதைக் கவனியுங்கள். பெஞ்சில் (ப்ராஜெக்ட் இல்லாமல்) ஆள் சும்மா இருக்கிறார்களே என்று முதல் நாளே பத்துப் பேரை ஏற்றினால், முடிவாகாத ஆர்கிடெக்சர் மேல் பத்துப் பேரும் ஸ்கிரீன் கட்டத் தொடங்குவார்கள்.

வழக்கமாகச் சொதப்புவது இங்கேதான். இன்செப்ஷன் என்றால் ரிக்கொயர்மென்ட், எலாபரேஷன் என்றால் டிசைன், கன்ஸ்ட்ரக்ஷன் என்றால் கோடிங், டிரான்சிஷன் என்றால் டெஸ்டிங் என்று பெயரை மட்டும் மாற்றிப் ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்ற பழைய வாட்டர்ஃபாலையே ஓட்டுவது. கண்டுபிடிப்பது சுலபம்: எலாபரேஷன் முடிவில் ஓடுகிற கோட் இருக்கிறதா, வெறும் பிபிடி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மைல்ஸ்டோனில் ஆர்கிடெக்சர் ஓடிக் காட்ட வேண்டும், பெரிய ரிஸ்க்குகள் இறங்கியிருக்க வேண்டும்.

ஓப்பன்யுபியின் பக்கங்களைத் திருத்த ஈபிஎஃப் கம்போஸர் என்ற கருவி உண்டு. ஆறு பேர் டீமுக்கு அது தேவையே இல்லை. வேலைகளைக் குறித்து வைக்கும் ஜிராவில் ‘ரிஸ்க்’ என்று ஓர் இஷ்யூ டைப், தாக்கத்துக்கும் வாய்ப்புக்கும் இரண்டு ஃபீல்டு, அதை உடைக்கும் டாஸ்க்குக்கு ஒரு லிங்க். இதுவே தாராளம்.

ஃபிக்ஸட் பிரைஸ் (முன்பே விலை பேசிய) வேலையில்தான் இடிக்கும், ஓப்பன்யுபி கைவிடும் இடமும் அதுதான். முதல் தவணை எஸ்ஆர்எஸ் (ரிக்கொயர்மென்ட் ஆவணம்) கையெழுத்துக்கு, அடுத்தது டிசைன் ஆவணத்துக்கு என்று ஒப்பந்தம் இருந்தால், டீம் ஆவணத்தைத்தான் முதலில் முடிக்கும், பில் போட வேறு வழியில்லை. இரண்டாவது தவணையை ஓடுகிற டெமோவுக்கு மாற்றி, எந்தெந்த ரிஸ்க் அதில் ஓடிக் காட்டப்பட வேண்டும் என்பதை ஒப்பந்த இணைப்பிலேயே எழுதிவிடுங்கள். கிளையண்ட் தரப்பு அக்கவுண்ட்ஸுக்கும் அதைச் சரிபார்த்துப் பணம் விடுவிப்பது எளிது.