சஜஸ்ட் என்று எழுதுவதற்கு முன் திறக்க வேண்டிய அகராதி

ஆங்கிலத்தில் மெயில், அறிக்கை என்று ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் கைகாட்டுவது ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியைத்தான், அதுவும் முக்கியமாக வினைச்சொற்களுக்காக. அர்த்தம் சொல்ல எத்தனையோ அகராதிகள் இருக்கின்றன. ஆனால் எழுதும்போது நாம் தடுமாறுவது அர்த்தத்தில் இல்லை, அந்த வினைக்குப் பின்னால் என்ன வரும், ஆளா, பொருளா, டு போடணுமா, ஐஎன்ஜி சேர்க்கணுமா என்பதில்தான்.

சஜஸ்ட் என்ற சொல்லையே எடுத்துப் பாருங்கள். 'சஜஸ்ட் மீ எ குட் புக்' என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். இந்த அகராதி அப்படி எழுதக்கூடாது என்று தனிக் குறிப்பே போட்டு, தவறான வாக்கியத்தை அடித்தும் காட்டுகிறது. 'சஜஸ்ட் எ குட் புக் டு மீ' சரி, 'சஜஸ்ட் கோயிங்' சரி, 'சஜஸ்ட் டு கோ' கிடையாது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒரே வினையின் வெவ்வேறு அர்த்தங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தருவது. யோசனை சொல்வது என்றால் 'ஐ சஜஸ்ட் தட் ஹீ கோ' என்று வரும், கோஸ் இல்லை (பிரிட்டிஷ் வழக்கில் ஷுட் கோ என்றும் எழுதுவார்கள்). ஆனால் 'தடயங்கள் இப்படிக் காட்டுகின்றன' என்ற அர்த்தத்தில் வந்தால் 'தட் ஹீ வாஸ் தேர்' என்று சாதாரணக் காலம்தான். இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அப்புறம் டிஸ்கஸ். அங்கேயும் அபௌட் சேர்க்காதே என்று நேராகவே சொல்லிவிடுகிறது.

இதைத் தொடங்கிய ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். முதல் பதிப்பு 1942-ல் டோக்கியோவில்தான் வந்தது. வினை எந்த அமைப்பில் வரும் என்பதற்கு இவ்வளவு இடம் கொடுத்திருப்பது, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களோடு அவர் வேலை செய்ததால்தான் என்று நினைக்கிறேன்.

அச்சுப் பதிப்பில் எஸ்பி, எஸ்டிஹெச் போன்ற சுருக்கக் குறிகள் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும், அவை ஆளையும் பொருளையும் குறிக்கின்றன, அவ்வளவுதான். முன்பக்க விளக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு உள்ளே போங்கள். அவசரத்துக்கு இலவச இணையப் பதிப்பே போதும், அதில் உச்சரிப்பையும் கேட்கலாம். எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது.