பண்ருட்டிப் பலாவுக்கு ஏற்ற ஆரோவில் ரிக்கோட்டா

ஆரோவில்லில் செய்கிற ரிக்கோட்டா சீஸை இந்தப் பலா சீசனில் மட்டும் நான்கு முறை வாங்கிவிட்டேன். நான்கும் வீட்டில் போட்ட பழ பீட்சாவுக்குத்தான். நாங்கள் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். பண்ருட்டிப் பலா வாசலுக்கே வந்துவிடும், சீஸ்தான் புதுச்சேரியிலிருந்து வர வேண்டும். முத்தியால்பேட்டையில் இருக்கும் அக்கா வாங்கி வைப்பாள், நான் பஸ்ஸில் போய் எடுத்து வருவேன்.

டப்பாவைத் திறந்ததும் காய்ச்சிய பாலின் வாசனை. பார்க்க உதிர்த்த பனீர் மாதிரி இருந்தாலும் நாக்கில் வைத்தால் பனீரின் ரப்பர்த்தனம் கிடையாது, அப்படியே கரைகிறது. உப்பு இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க வைக்கிற அளவுதான். எனக்கு இது பிடித்துப்போனதே அதனால்தான். துருவிய பீட்சா சீஸின் உப்பு பலாவின் மணத்தை அமுக்கிவிடும், இது விட்டுக்கொடுக்கும்.

ரிக்கோட்டா என்றால் இத்தாலிய மொழியில் மறுபடி காய்ச்சியது என்று பொருள். சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரை மீண்டும் சூடாக்கி, அதில் திரண்டு வருவதை வடித்தெடுப்பார்கள். பனீர் போலவே சூட்டில் திரிந்தது என்பதால் அடுப்பில் உருகாது. நூல் நூலாக இழுபட வேண்டும் என்பவர்கள் மொசரெல்லாவே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு குறை, ஈரம் அதிகம். முதல் முறை அப்படியே வைத்துவிட்டேன், நடுப்பகுதி சொதசொதவென்று ஆகிவிட்டது. இப்போது வெள்ளைத் துணியில் கட்டி, வடிகட்டிமேல் வைத்து, ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் விடுகிறேன். கீழே கிண்ணத்தில் மூன்று ஸ்பூன் தண்ணீராவது சேர்ந்திருக்கும்.

மாவு: மைதா 250 கிராம், தண்ணீர் 160 மில்லி, உப்பு 5 கிராம், ஈஸ்ட் கால் ஸ்பூன். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் சீக்கிரம் பொங்கிப் புளித்துவிடும், அதனால் ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். இரண்டு பீட்சா வரும். பீட்சா கல் எதுவும் வாங்கவில்லை. கைப்பிடி இல்லாத சின்ன இரும்பு தோசைக்கல்லை ஓவனில் 250 டிகிரியில் முக்கால் மணி நேரம் காய வைத்து, அதன்மேல் போடுகிறேன். அடிப்பக்கம் முறுமுறுவென்று வருகிறது.

பலாவில் கெட்டிச் சுளையாகப் பார்த்து எடுங்கள். நீளமாகக் கீறி, வாணலியில் துளி நெய்விட்டு ஓரம் சிவக்கும்வரை வதக்க வேண்டும். தக்காளி சாஸ் வேண்டாம். மாவின்மேல் நல்லெண்ணெய் தடவி, பலா, பிளந்த முந்திரி, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய். ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது ரிக்கோட்டாவைக் கரண்டி கரண்டியாக வைத்தால் மேலே லேசாகச் சிவந்து உள்ளே வெண்ணெய் மாதிரி நிற்கும். வெளியே எடுத்ததும் மிளகுத்தூள், திருநீற்றுப்பச்சிலை. பேசில் என்று விலை கொடுத்து வாங்குவதும் இதே இனம்தான்.

அன்னாசியிலும் செய்து பார்த்தேன். பச்சையாக வைத்தால் அதிலுள்ள நொதி பால் புரதத்தைச் சிதைக்கும், சீஸ் கசந்துவிடும். 1962-ல் கனடாவின் சாத்தம் ஊரில் சாம் பனோபூலோஸ் பீட்சாவில் அன்னாசியை வைத்தபோது போட்டது டின்னில் அடைத்த பழம், ஏற்கெனவே சூடு பட்டது. நாமும் வதக்கிவிட்டால் சரியாகிவிடும். ஆனாலும் என் ஓட்டு பலாவுக்குத்தான்.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். மூன்றாவது முறை அக்காவுக்கு நேரமில்லாமல் நானே ஒரு கடையில் எடுத்தேன். கடைக்காரர் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவே இல்லை, வீட்டுக்கு வந்து திறந்தால் புளித்த வாடை. மொத்தமும் வீண். கடலூர் வரை கொண்டுவர ஐஸ் வைத்த பை கட்டாயம். பிரித்தால் மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். பனீரைவிட விலை அதிகம்தான், இந்தப் பீட்சாவுக்குத் தயங்காமல் கொடுப்பேன்.

அம்மா பீட்சா பக்கமே வராதவர். முதல் துண்டு முடிந்ததும், "இதுல துளி ஏலக்காய் போட்டிருக்கலாமேடா" என்றார். அடுத்த ஞாயிறு ரிக்கோட்டாவில் ஒரு சிட்டிகை கலந்தேன். அவர் சொன்னது சரி, நீங்களும் கலந்துவிடுங்கள்.